மூட்டைக் குறியும் கண் பலகையும்

பாய்,

காலையில் கண்ணில் விட்ட சொட்டு மருந்து இன்னும் தொண்டையில் கசக்கிறது. கண்ணில் விட்டது வாய்க்கு எப்படி வருகிறது என்று நர்சம்மாவைக் கேட்டேன். "உள்ளுக்குள்ள வழி இருக்கு தாத்தா, கண்ண மூடுங்க" என்றார். மாலையாகியும் பார்வை தெளியவில்லை. அதனால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். ஆமாம், நான்தான் எழுதுகிறேன் பாய்! மாதா கோயில் பக்கத்து வகுப்பில் இந்த வருஷம்தான் கற்றுக்கொண்டேன். உன் சொந்தப் பெயரின் முதலெழுத்து சுழித்துச் சுழித்துப் போகிறது. எழுத எழுத ஆசையாக இருக்கிறது.

உனக்கு இந்தக் கசப்பு வந்தபோது காலம் கடந்திருந்தது.

சர்க்கரை பார்க்கும் டாக்டர் நம் இருவரையும் ஒன்றாகத்தான் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கூலியை விட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர் சுவரில் மாட்டிய பலகையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகப் படித்தார். நீ என் தோளைத் தட்டினாய்.

"யோவ், இது பரீட்சைய்யா. நம்மள நிக்க வச்சுக் கேட்டா வரிசையே சிரிக்கும். வா, டீ குடிச்சிட்டுப் போயிடலாம்."

"அப்ப கண்ணு?"

"கண்ணுக்கு என்னா? மூட்டையில போட்ட குறி தெரியுதுல்ல?"

மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய நமக்கு அந்தச் சாயக் குறிதான் எழுத்து. சிவப்பு வட்டம் பருப்புக் கடை, நீலக் கோடு வெல்லக் கடை. லாரி திரும்பும்போதே நீ சொல்லிவிடுவாய். அது தெரியும்வரை கண் சரி என்று இருந்துவிட்டோம். வலியும் இல்லையே. ஒரு நாள் வெல்ல மூட்டையைப் பருப்புக் கடையில் இறக்கினாய். "பாய்க்கு யாரு மேலயோ காதல் போல" என்றார் முதலாளி. நீயும் சிரித்தாய். மறுபடி அப்படி நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்துவிட்டது, முன்பே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அப்புறம் நெல்லித்தோப்பு வீட்டில் சுவரைத் தடவியே நடந்தாய். என் செருப்புச் சத்தம் கேட்டால், "இன்னிக்கு என்னா மூட்டை வந்துச்சி?" என்பாய். கடைசிவரை அதைத்தான் கேட்டாய்.

இன்று, படிக்கத் தெரிந்த தைரியத்தில் நான் போனேன். மருமகள் வாசலில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள். பலகையைப் பார்த்து ப, ட, ம என்று உரக்கப் படித்தேன். கீழ் வரி கலங்கியது, விடவில்லை. "போதும் தாத்தா, பரிசெல்லாம் கிடையாது" என்றார் நர்சம்மா.

அடுத்து ஒரு மீன்காரம்மா. "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றார். நர்சம்மா பலகையைத் திருப்பினார். பின்பக்கத்தில் எழுத்தே இல்லை பாய். மூன்று கால் உள்ள ஒரே குறி, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நின்றது. கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். அந்தம்மா காட்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மூட்டைக் குறிதானே அது! உன்னைவிட வேகமாக யார் சொல்லியிருப்பார்கள்?

என் கண்ணிலும் கசிவு தொடங்கியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை லேசர் வைக்க வேண்டும், கூட ஆள் இல்லாமல் வரக் கூடாது என்றார் டாக்டர். மகன் லீவு கேட்டால் கம்பெனியில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இப்போதுதான் படிக்கத் தொடங்கிய கண், பாய். வீட்டுக்குப் போக மனமில்லாமல், வெயில் படாமல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். நமக்குப் பின்னால் வேலைக்கு வந்த செல்வம் வண்டியில் சாய்ந்திருந்தான். அவனுக்கும் சர்க்கரை. வெள்ளிக்கிழமை துணைக்கு வா, அப்படியே உன் கண்ணையும் காட்டு என்றேன்.

"கூட வரேண்ணா. ஆனா என் கண்ணப் பாக்கச் சொல்லாத. பலகையக் காட்டுவாங்க, எனக்கு எழுத்து தெரியாது."

மூன்று விரலைப் படுக்கையாக நீட்டினேன். "இது எந்தப் பக்கம் பாக்குது?"

"உப்புக் கடைப் பக்கம்."

"அவ்ளோதான்யா பரீட்சை."

அவனும் மூன்று விரலை நீட்டித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் மருந்து விட்டுட்டா யாருண்ணா யாரக் கூட்டியாரது?" என்றான். வருகிறான்.

எழுதி முடித்துவிட்டு அந்த மூன்று விரலையும் மறுபடி நீட்டிப் பார்த்தேன். அன்று வரிசையில் உன் முன்னால் ஒருமுறை நீட்டியிருக்கலாம், பாய்.