பின்சீட்டுக்குக் கீழே ஓட்டை

1976, ஆடி 14. பீர்மேடு.

நான் ஓட்டும் பழைய எஸ்டேட் ஜீப்புக்கு இன்று எஞ்சின் புகையை வெளியேற்றும் சைலன்சர் குழாய் மாற்றினேன். கழற்றிய குழாயில், பின்சீட்டுக்கு நேர் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

போன மாதம் காய்ச்சலில் கிடந்த எஸ்டேட் தொழிலாளி செல்வியை அந்தச் சீட்டில் படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். "அண்ணே, புகையில தலை சுத்துது, படுதாவத் தூக்கி விடுங்க" என்றாள். "மழை அடிக்குது தாயி, கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. காய்ச்சல்தான் காரணம் என்றார் டாக்டர்.

இன்று புதுக் குழாயைத் தாங்கிப் பிடித்தவன் அவள் புருஷன் மாரியப்பன். ஓட்டையைப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "அன்னைக்கு அந்த மழையில நீங்க மட்டுந்தாண்ணே வண்டிய எடுத்தீங்க. சாகுறவரைக்கும் மறக்கமாட்டேன்" என்றான்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். "ஸ்பானரை எடு" என்றுதான் வந்தது.