தட்டியும் நிற்காத கை

செவ்வாய், இரவு

இரும்புப் பாகங்களின் பிசிறைத் தேய்த்தெடுக்கும் ரோபோ கையை எங்கள் பட்டறையில் யாரும் பட்டனால் நிறுத்துவதில்லை. முழங்கையால் ஒரு தட்டு தட்டினால் நின்றுவிடும். சும்மா சும்மா நிற்கிறது என்று முதலாளி கத்தியதால், லேசாகப் பட்டால் நிற்காதபடி காலையில் செட்டிங்கை மாற்றினேன். அதில் வேலை செய்யும் ரஹ்மத் அண்ணனிடம் சொல்லவில்லை.

மதியம் அவர் வழக்கம்போலத் தட்டிவிட்டு, சிக்கிய பாகத்தை எடுக்கக் கை நீட்டினார். ரோபோ நிற்கவில்லை. அவர் மணிக்கட்டை மேசையோடு அழுத்தியது. ஓடிப்போய்ப் பட்டனை அடித்தேன்.

"இன்னாம்மா, உன் ரோபோ இன்னிக்கி கோவமா கீதே?" என்று சிரித்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. செட்டிங்கை மாற்றியது நான்தான் என்று அப்போதும் சொல்லவில்லை.

கிளம்பும்போது செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிட்டேன். முதலாளி கத்தட்டும். நாளை அண்ணன் பெரும்பாக்கத்திலிருந்து வருவதற்குள் நான் பட்டறைக்குப் போய்விட வேண்டும். ரோபோ நிற்கிறதா என்று பார்க்கும் முதல் தட்டு என் முழங்கையால்தான்.