அழைப்பில்லாத பந்தி

ஆண்டவருக்கு மகிமை.

வியன்னாவில் இருக்கும் கொழுந்தன் நெபோய்ஷாவுக்கு, அண்ணி கோசாரா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். உன் சுகம் எப்படி என்பதை உன் கடிதத்தில் படித்தேன். உன் அண்ணனிடம் இன்னும் காட்டவில்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். காட்டுவதா வேண்டாமா என்பது இதை எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும்.

என் மனைவி கோர்தானா விட்டுவிட்டுப் போய்விட்டாள், தூக்கம் இல்லை, வேலைக்குப் போகாமல் படுத்தே கிடக்கிறேன், என் கதவை ஒருவரும் தட்டுவதில்லை, இந்த நிக்கோலஸ் திருநாளுக்கு வீட்டுக்கு வரலாமா அண்ணி என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்கப் போவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடமும் சொன்னேன். வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். இன்னும் இல்லை சாமி என்றேன். வருத்தம் வந்த பிறகு வா என்று அனுப்பிவிட்டார். ஆக, நற்கருணை வாங்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். அதையும் உன் பற்றுக் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டாய், மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். குடும்பத்துக்கு ஒரு காவல் புனிதர் உண்டு. அவர் நாளில் வீட்டில் நடக்கும் விருந்துதான் ஸ்லாவா. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் தானாக வர வேண்டும். வந்தவரை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. வீட்டுத் தலைவன் அன்று முழுக்க உட்காராமல் நின்று விருந்தினரைக் கவனிக்க வேண்டும். வராதவன், வாயைத் திறக்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறான்.

போன வருஷ இலையுதிர்காலத்தில் ஆலைக்குப் பக்கத்தில், கேட் இல்லாத ரயில் கிராசிங்கில், உன் அண்ணன் ஓட்டிவந்த எஞ்சினில் திஹோமிர் அடிபட்டு இறந்தார். விசாரணையில் ஹாரன் அடித்தது உண்மை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. ஹாரன் கேட்ட மனுஷன் ஏன் தண்டவாளத்தில் நின்றான் என்று ரொட்டிக் கடை வரிசையில் கேட்டார்கள். உன் அண்ணனிடம் ஒருவரும் கேட்கவில்லை. திஹோமிரின் மனைவி லியூபிங்கா கோயிலில் எங்களைக் கண்டால் மெழுகுவர்த்தித் தட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அதன் பிறகு நிக்கோலஸ் திருநாள் வந்தது. நான் மீன் பொரித்தேன், பீன்ஸை அடுப்பில் வாட்டினேன், கோதுமையை வேகவைத்து வால்நட் சேர்த்துப் பிசைந்தேன். உன் அண்ணன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு காலையிலேயே வாசலருகே நின்றார். நீ போன் செய்தாய். எல்லையில் பனி, வண்டி நகரவில்லை என்றாய். பாவம், அவன் என்ன செய்வான் என்றார் அவர். மத்தியானம் நின்றார். உட்காருங்கள் என்றேன், ஸ்லாவாவில் உட்காரக் கூடாது என்றார். இருட்டிய பிறகு மெழுகுவர்த்தியை ஒயின் ஊற்றி அணைத்தார். ஒரு ஜீவன் வரவில்லை. ரயிலைக்கூட அவர் தாங்கியிருப்பார். அந்தப் பந்தியைத் தாங்கவில்லை.

நெபோய்ஷா, அன்று காலை கோதுமையை மந்திரிக்க நான் கோயிலுக்குப் போனேன். பின்தெருவில், கோர்தானாவின் தங்கை வீட்டு வாசலில், வியன்னா நம்பர் வண்டி நின்றது. பின்கண்ணாடியில் நான் கொடுத்த சிலுவை தொங்கியது.

இதை உன் அண்ணனிடம் நான் சொல்லவில்லை, இன்று வரைக்கும்.

அதற்குப் பிறகு அவர் படுத்துவிட்டார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், தின்னச் சொன்னால் தின்பார். வேட்டைத் துப்பாக்கியைப் பாதிரியார் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். கொட்டகைச் சாவியைக் கழுத்துச் சிலுவையோடு கோத்துக்கொண்டேன். அவர் அந்தச் சாவியைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். இப்படி ஒரு குளிர்காலம் எப்படி இருக்கும் என்று இப்போது உனக்குக் கொஞ்சம் புரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் மாத்திரை எழுதினாள். எழுதிக்கொண்டே, உங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று கேட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன். வரமாட்டார்களா? சரி. கோயில் நாட்காட்டியை எடுத்து, யார் வீட்டு ஸ்லாவா எந்தப் புனிதர் நாளில் என்று வட்டம் போட்டேன். வந்தவரை யாரும் திருப்பி அனுப்ப முடியாதே.

முதலில் வுகாஷின் வீடு, எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்ற அதே வுகாஷின். உன் அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவன் முகம் சுண்ணாம்பாய்ப் போயிற்று. வாயில் வந்ததைச் சொன்னான்:

“அட, வழி தெரிஞ்சு வந்துட்டீங்களே.”

“வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே வழிதான், வுகாஷின். நீங்களும் ஒருக்கா நடந்து பாருங்க” என்றேன்.

கடைசி விருந்தாளி போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிடிக்காத கேக்கை இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். அந்த வீட்டில் அன்று ஒருவர் தொண்டையிலும் ஒயின் இறங்கவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும், நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்படியே ஒவ்வொரு வீடாக. அவர்களை உறுத்துவதுதான் என் எண்ணம். உன் அண்ணன் குணமாவது என் திட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் யாரோ திராட்சைக் கொடியை எப்போது வெட்டுவது என்று பொதுவாகக் கேட்க, இவர் தட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அடுத்த வீட்டில் சீட்டு ஆடினார். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். யாரும் வருவதில்லை டாக்டர், நாங்கள் போகிறோம் என்றேன். அவள் பேனா நின்றது. அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

வசந்தத்தில் ஜார்ஜ் திருநாள். அது லியூபிங்கா வீட்டு ஸ்லாவா. கடைசி வட்டம். அவளை அழவைத்துவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன். உன் அண்ணன் படியிலேயே நின்றுவிட்டார். நான் முதுகில் கைவைத்துத் தள்ளினேன்.

லியூபிங்கா எங்களைப் பார்த்தாள். கோதுமைத் தட்டை நீட்டினாள். இவர் சிலுவை போட்டு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். தட்டை அவள் கீழே வைக்காமல் உன் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

“கடைசியா அவரப் பாத்த ஆளு நீதான், போரிசாவ். ஊரு என்னென்னவோ சொல்லுது. உன்னக் கேட்டவங்க யாருமில்ல. நானும் கேக்கல. இப்பக் கேக்கறேன். ஏன் நின்னாரு?”

“அவரு நிக்கல, லியூபிங்கா. தாண்டிட்டாரு. காத்துல தொப்பி விழுந்துச்சு. எடுக்கத் திரும்பினாரு.”

“அந்தச் சாம்பக்கலர் தொப்பியா?”

இவர் தலையாட்டினார். அந்தத் தொப்பியை லியூபிங்கா சந்தையில் வாங்கிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். இதத் தொலைச்சா என் பொண்டாட்டி என்னயும் தொலைச்சுடுவா என்று மதுக்கடையில் திஹோமிர் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாராம். அதனால்தான் உன் அண்ணன் விசாரணையில் தொப்பி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. நின்றார் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊர் சொன்ன அத்தனையையும் வாங்கிக்கொண்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு பேரும் கழுதைங்க. செத்ததும் கழுதை, இருக்கறதும் கழுதை” என்றாள். அழுதாள். பிறகு எழுந்துபோய் ஆட்டிறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து இவர் தட்டில் வைத்து, “தின்னு” என்றாள். நான் பார்க்க வந்த அழுகைதான். ஆனால் அதில் எனக்கு எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என் கோபத்தில் பாதியை அந்த வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். மீதி உன்னுடையது.

இப்போது வுகாஷின் வாரம் தவறாமல் சீட்டாட வருகிறான். லியூபிங்கா ஊறுகாய் கொடுத்தனுப்புகிறாள். உன் அண்ணன் ரயில் யார்டில் பெட்டி கோக்கும் எஞ்சின் ஓட்டுகிறார். கொட்டகைச் சாவி மறுபடியும் ஆணிக்கு வந்துவிட்டது. எல்லோர் வீட்டு ஸ்லாவாவுக்கும் போய்ப் பழி தீர்த்தேன். உன் வீட்டுக்கு மட்டும் போக முடியாது. உன் ஸ்லாவாவும் எங்கள் ஸ்லாவாவும் ஒரே புனிதர், ஒரே பந்தி. உன்னைத் தண்டிக்க எனக்கு வேறு வாசல் இல்லை.

படுத்துக் கிடக்காதே. உன் வீட்டில் இருக்கக் கூடாதது ஏதாவது இருந்தால் இன்றைக்கே வேறொருவரிடம் கொடு. டாக்டரிடம் முழுசாகச் சொல், பனி என்று கதை சொல்லாதே. கீழ்வீட்டுக் கதவைத் தட்டு. திறக்காவிட்டால் மறுபடி தட்டு. வெட்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது, தட்டினேன்.

நான் மணப்பெண்ணாகப் புறப்பட்ட அன்று, வழக்கப்படி கொழுந்தனான உன் கையில்தான் என்னை ஒப்படைத்தார்கள். மீசை முளைக்காத பயல் நீ. கோயில் வரைக்கும் என் கையை விடவே கூடாது என்றார்கள். உள்ளங்கை வியர்த்து ஒழுகியது, ஆனாலும் நீ விடவில்லை.

வரலாமா என்று கேட்டாய். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை, நானும் உன்னை அழைக்கவில்லை. உன் அண்ணன் அன்று முழுக்க வாசலருகே நின்றுகொண்டிருப்பார். மீன் இருக்கும். உன் கடிதம் மாவு டப்பாவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும், சொல்ல வேண்டியதை நீயே வாயால் சொல். அந்த வண்டியைப் பற்றியும் நீயே சொல். பின்தெருவில் மறுபடி பார்த்தேன் என்றால் இந்தத் தடவை நான் சொல்லிவிடுவேன்.

என் கையை விடாத அந்தப் பயலைப் புனித நிக்கோலஸ் வழி நெடுகக் காக்கட்டும். பனி என்று கதை சொன்ன மற்றவனுக்காக நான் இன்னும் ஜெபிக்க ஆரம்பிக்கவில்லை. அவன் வாசலுக்கு வரட்டும், பார்க்கலாம்.

இப்படிக்கு,
அண்ணி கோசாரா