முயலும் முதலையும் குடித்த காப்பி

ஸ்ரீவராகத்தில் இருக்கும் என் முயலுக்கு,

நம் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. இத்துடன் ஒரு பிரதி அனுப்புகிறேன். பள்ளிக்கூடத்தில் நாம் ஒருவரையொருவர் கூப்பிட்ட பெயர்களே அட்டையில் படமாக உட்கார்ந்திருக்கின்றன. நீ எழுதிய குழந்தைப் பாட்டுகளில் ஒரு பிழையும் இல்லை. நான் வரைந்த முதலைக்குத்தான் வால் கொஞ்சம் மங்கிவிட்டது.

நான் ஏன் வருவதில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். சர்ச்சில் வேலை என்று எழுதினேன். வேலை இருக்கத்தான் செய்கிறது.

கடைசிப் படத்தை உன் வீட்டில் வரைந்து முடித்த அன்று, "காப்பி குடிக்காம போனா உன்னோட பேசமாட்டேன், கேட்டியா" என்றாய். குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வலியசாலை தாண்டும்போது பிரஷ்ஷை விட்டுவந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். வாசல் கதவு திறந்தே இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தை நீ கழுவிவிட்டிருந்தாய். கொல்லையில் குனிந்து, நான் குடித்த டம்ளரைத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தாய். உன் மாமியார் ஊரில் இல்லாத நாள் அது.

கூப்பிடாமல் போய்விட்டேன். பிரஷ் உன்னிடமே இருக்கட்டும்.

போன வாரம் ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். முதலைக்குப் பல்வலி வரும் இடத்தில் நீ எதிர்பார்த்த அளவு சிரிக்கவில்லை. இரண்டும் ஒரே டம்ளரில் காப்பி குடிக்கிற பக்கம் வந்ததும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். "அதெப்படி பெரியம்மா, ஒரே டம்ளரிலயா!" என்று என் தங்கை மகள் கேட்டாள்.

அந்தப் பக்கத்தை நாம் வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லையே.

உன்
முதலை