பக்கத்துக் கட்டில் பொய்

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையில் ஓர் ஆன்டிக்குப் புடவை விரித்துக் காட்டும்போது, என் வயிற்றில் ஒட்டியிருக்கும் பை சத்தம் போட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத நேரம். ஆன்டி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில், உன் கட்டில் இருந்த பக்கம் திரும்பினேன். அங்கே பாவாடை அலமாரிதான் இருந்தது.

கிள்ளானில் சைக்கிளிலிருந்து விழுந்த கதையை உன்னிடம்தான் முழுதாகச் சொன்னேன். கைப்பிடியின் நுனி வயிற்றில் குத்தியது. வெளியே வட்டமாக ஒரு சிவப்பு மட்டும். அம்மா தைலம் தேய்த்துப் படுக்க வைத்தார். உள்ளே குடல் கிழிந்திருந்தது. தைத்த இடமும் பிரிந்துபோக, மறுபடி திறந்து, குடலின் முனையை வெளியே எடுத்து, மலம் சேர ஒரு பையை ஒட்டினார்கள். இப்படி ஆவது அபூர்வம் என்றார் டாக்டர். அதைக் கேட்டு எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருந்தது.

பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "அப்பெண்டிக்ஸ்தான்" என்பார். பெண் பிள்ளை, நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டுமே. சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கையில் காற்று பிரிந்து பை சத்தமிடும். நான் போர்வைக்குள் போய்விடுவேன். பக்கத்துக் கட்டிலில் நீ கையைத் தூக்குவாய்.

"சாரி ஆன்டி, அது நான்தான் லா. காலையில பருப்பு சாப்பிட்டேன்."

அவர்கள் போனதும், "உன் பை நல்லா பேசுது. நீதான் ஊமை" என்பாய். உனக்கும் பை இருந்தது. சிறுவயதிலிருந்தே உன் வயிற்றைப் பலமுறை திறந்திருந்தார்கள். கடைசி முறை வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. சுங்கை பூலோ வீட்டுக்கு உன் உடலைக் கொண்டுபோனபோது நான் படுக்கையில் கிடந்தேன்.

பிறகு நான் பள்ளிக்குப் போனேன். தேர்வு அறையில் சத்தம் வந்தது. பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். கையைத் தூக்க நீ இல்லை. அதோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இன்று காது சுட்டது. "சாரி ஆன்டி, அது நான்தான்" என்றேன்.

"பசிக்குதாம்மா? போய்ச் சாப்பிட்டு வா."

தலையாட்டியிருக்கலாம். "இல்ல ஆன்டி. எனக்கு ஆப்பரேஷன் பண்ணி வயித்துல பை வச்சிருக்காங்க."

அவர் விரித்திருந்த புடவையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இதே பார்டர்ல நீலம் இருக்கா?" என்றார்.

நீலத்தை எடுத்து விரித்தேன். வெட்கம் போகவில்லை. நான் சொன்னது உன் வார்த்தைகள்தான். நீ சொல்லும்போது அது பொய்யாக இருந்தது.