அடுப்பின் பக்கம் ஓடும் தண்ணீர்

என் அன்பு அப்பா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். உங்களுக்கு வருத்தம் தருவதையும் விடமாட்டேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது நாங்கள் உங்களிடம் மறைத்தது ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. உங்கள் மோட்டார் சைக்கிளில்தான் அண்ணன் ஜெலாப்பாங் தொழிற்சாலைக்குப் போய்வருகிறான். சங்கிலி தளர்ந்து சத்தம் போடுகிறது. நீங்கள் இருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடிக்கப்போகிறேன். அதன் பிறகு போலிடெக்னிக்கில் கட்டுமானத் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்க ஆசை. நீங்கள் விரும்பியது ஆசிரியர் வேலை. "என் மக வெயில்ல நிக்கக்கூடாது" என்று, சிமெண்டில் வெடித்த விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொல்வீர்கள்.

ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் பலன் என்று எழுதினேன். செலவுப் பக்கம் சீக்கிரமே நிறைந்தது. கல்விக் கடன், விடுதி. மூன்று வருடம் நான் வீட்டுக்கு ஒரு வெள்ளிகூடக் கொண்டுவரப்போவதில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஆசையை அண்ணன் அதுவரை தள்ளிப்போட வேண்டும்.

அவன் தாளை எட்டிப் பார்த்தான். "செவுரு பூசறதுக்கு மூணு வருசம் படிப்பா? அப்பாவே மூணு நாள்ல கத்துக் குடுத்திருப்பாருலா." சிரிக்க ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பிறகு, "எம் பேர அந்தப் பக்கத்துல எழுதாத. சிங்கப்பூரு எங்கயும் ஓடிப்போவாது" என்றான். நான் அழிக்கவில்லை. அதுதான் உண்மை.

பலன் பக்கத்தில் முதலில் எழுதியது உங்கள் பேச்சைத்தான். சுங்கை சிப்புட்டில் கடைவீடுகள் கட்டிய நாட்களில் ஒருமுறை சொன்னீர்கள்: "அந்த சூப்பர்வைசர் பையனுக்கு என் வயசுல பாதிதான். ஆனா அவன் கையெழுத்துப் போட்டாதான் நான் கான்கிரீட் ஊத்த முடியும்." அது கோபமா அப்பா, ஏக்கமா? அப்போதே கேட்டிருக்கலாம்.

போலிடெக்னிக்கைப் பார்க்கப் பள்ளியிலிருந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். கடைசி வருடம் படிக்கும் ஓர் அக்காவிடம் வேலை கிடைக்குமா என்று கேட்டேன்.

"கெடைக்கும். தொடக்கத்துல சம்பளம் கொஞ்சந்தான். சைட்டுக்குப் பயிற்சிக்குப் போன மொத நாளே, 'தங்கச்சி, தே ஓ ஒண்ணு போடு'ன்னு டீ கலக்கச் சொன்னாங்க. நான் பிளான விரிச்சேன்லா" என்றார்.

அவர்தான் மண்ணைப் பற்றியும் சொன்னார். ஈயம் தோண்டி எடுத்த பழைய குட்டையை மூடிய நிலத்தில் எவ்வளவு சரியாகக் கட்டினாலும், சில வருடங்களில் தரை ஒரு பக்கமாக இறங்கலாமாம். நம் குடியிருப்பும் மூடிய குட்டையின் மேல்தானே இருக்கிறது? அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

மறைத்ததை இப்போது சொல்கிறேன். வீட்டின் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் கட்டிய சமையலறையில், தண்ணீர் வடிகாலுக்குப் போவதில்லை, அப்பா. அடுப்பின் பக்கம் ஓடுகிறது. தரை கழுவும் நாட்களில், நீங்கள் வேலை முடிந்து வருவதற்குள் அம்மா, அண்ணன், நான் மூவரும் துணி போட்டுத் துடைத்துவிடுவோம். ஊரார் வீடுகளுக்கெல்லாம் மட்டம் பார்த்தவர், சொந்த வீட்டில் தவறவிட்டதை அறியக்கூடாது என்று நினைத்தோம்.

போலிடெக்னிக்கைப் பார்த்துவிட்டு அன்று வீட்டுக்கு வந்ததும் உங்கள் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். குமிழ் வடிகால் பக்கம் ஒதுங்கியது; அந்தப் பக்கம்தான் மேடு. மண் இறங்கியதா, நீங்கள்தான் தவறினீர்களா? கட்டிய புதிதில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது? எனக்கு அப்போது ஐந்து வயது. அம்மாவுக்கும் நினைவில்லை.

"அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் தெரியாமப் போச்சு. அது போதும்மா" என்றேன்.

அம்மா குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்குத் தெரியும்டி. முக்குலயே இஞ்சின அணைச்சிட்டு மோட்டாரத் தள்ளிக்கிட்டு வருவாரு. வாசல்ல நிப்பாரு. நாம வாளியக் கவுக்குற சத்தம் கேட்டாத்தான் உள்ள வருவாரு. ஒருநா ஜன்னல் வழியா பாத்துட்டேன்."

எத்தனை மாலை அப்படி நின்றீர்கள், அப்பா? நாளெல்லாம் வெயிலில் நின்ற காலோடு?

பலன் பக்கத்தில் கடைசி வரியாக இதை எழுதியிருக்கிறேன்: அந்தத் தரை ஏன் சாய்ந்தது என்று ஒருநாள் எனக்குத் தெரியவரும். இதற்காக அண்ணனின் மூன்று வருடத்தையும் எடுத்துக்கொள்வது நியாயமா? தெரியவில்லை. ஆனாலும் விண்ணப்பம் போடப்போகிறேன்.

மண்தான் காரணம் என்றால் வீட்டில் எல்லாரிடமும் சொல்வேன். நீங்கள்தான் தவறினீர்கள் என்றால் அதையும் மறைக்க மாட்டேன். இரண்டில் எதுவானாலும், அதைத் தெரிந்துகொள்ளும்வரை அந்தத் தரையை யாரும் உடைக்க விடமாட்டேன். இது சத்தியம். விடுதிக்குப் போகும் பெட்டியில் முதலில் வைப்பது உங்கள் ரசமட்டத்தைத்தான்.

பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூடும் நேரம், விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள். ஜன்னல் பக்கம் நகர்ந்துதான் பெயரை எழுத வேண்டும்.

உங்கள் கடைக்குட்டி மகள்,
மேகலா

விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.