சேவலின் பின்பலகை

ஜனவரி 14, செவ்வாய்

பாடிவிட்டது. எடில்சா பின்கட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் செய்த ஆம்ப்ளிஃபயர் இன்று மத்தியானம் பாடிவிட்டது. முதலில் வண்டு மாதிரி ஒரு முனகல், பிறகு டிரம்பெட். சுவரில் மாட்டியிருந்த கரண்டியெல்லாம் ஆடின. என் பேத்தி! ரேடியோ ரிப்பேர் கடையில் கூட்டிப் பெருக்கத்தான் எடுத்தார்கள். பார்த்தே கற்றுக்கொண்டாள்.

ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. இது எபெர்த்தோவின் பிகோவுக்குப் போகிறது. ஆள் உயரத்துக்கு மேலே நிற்குமே, முகத்தில் சண்டைச் சேவல் வரைந்த ஒலிபெருக்கிப் பெட்டி, அதற்கு. தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் திருவிழா நாட்கள் முழுக்கத் தாங்கினால் எடில்சாதான் அந்தப் பிகோவுக்கு மெக்கானிக், ஊரறிய. அதற்கு முன்னால் ஒரு பெண் செய்தது என்று வெளியே கசிந்தால் ஒன்றும் கிடையாது. அதுவரை அவன் ஒன்றுவிட்ட தம்பி லிபார்டோ செய்ததாகப் பேச்சு. அடுத்த தெருவில் 'சுறா' பிகோ வைத்திருப்பவன் மைக்கில் கேலி பண்ணுவான் என்று எபெர்த்தோவுக்குப் பயம்.

லிபார்டோவுக்கு பல்பு மாட்டத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஜனவரி 17, வெள்ளி

நான் பொரித்து விற்கும் முட்டை அடை வாங்க வந்த பக்கத்து வீட்டு ஒபுலியா, "பின்கட்டுல என்ன அக்கா சத்தம்?" என்றாள். பூனை என்றேன். பூனை டிரம்பெட் வாசிக்குமா என்று கேட்டாள். எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை கஷ்டம் இது.

ஜனவரி 19, ஞாயிறு

சூடுதான் தொல்லையாம். சத்தத்தைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் கொதிக்கின்றன. பழைய இரும்புக் கடையிலிருந்து அலுமினியச் சட்டங்கள் வாங்கி, சீப்பு மாதிரி பல் பல்லாக நிற்க வைத்து, வெள்ளைப் பசை தடவி டிரான்சிஸ்டர்களை அதில் இறுக்கியிருக்கிறாள். சூடு பல்லில் ஏறும், காற்று அதைக் கொண்டுபோய்விடும். "சூடு மிஞ்சினா தானாவே அணைஞ்சிடும் பாட்டி, எரியாது" என்றாள். நான்கூட அப்படித்தான், கோபம் மிஞ்சினால் போய்ப் படுத்துவிடுவேன்.

ஜனவரி 25, சனி

அணைந்துவிட்டது.

தெரு மூலையில் ஒரு சின்ன ஆட்டம், வெள்ளோட்டத்துக்கு. நாலு பாட்டு நன்றாகப் போயிற்று. ஐந்தாவதில் செத்தது. ஆறியதும் எழுந்தது, மறுபடி செத்தது. லிபார்டோ கையில் ஸ்குரூடிரைவரோடு டாக்டர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

ஜனவரி 26, ஞாயிறு

எபெர்த்தோ வந்தான். கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம். எடில்சா சொன்னது இதுதான்: பெட்டியின் பின்பலகையைப் பூட்டி வைத்தால் அதுக்கு மூச்சு எங்கிருந்து வரும், பலகையைக் கழற்றுங்கள். அவன் கேட்கவில்லை. எந்தப் பிகோக்காரன் பின்பலகையைத் திறந்து வைக்கிறான், நாளைக்கே சுறாக்காரன் எட்டிப் பார்த்து அப்படியே நகல் எடுப்பான் என்றான். இசைத்தட்டில் ஒட்டியிருக்கும் பேரையே சுரண்டிப் போடுகிறவன் எபெர்த்தோ, பாட்டு எது என்று அடுத்தவனுக்குத் தெரியக் கூடாதாம். அவனிடம் போய்ப் பலகையைத் திற என்றால்?

கடைசியில் அடியில் ஓட்டை போட ஒத்துக்கொண்டான். வாசலில் நின்று, "தாங்கலேன்னா நான் பழைய ஆளையே கூப்பிட்டுக்கிறேன் தாயி. வருத்தப்படாத" என்றான்.

அவள் ராத்திரி சாப்பிடவில்லை. என் பிள்ளைக்கு ஒரு பலகைதான் எதிரியா?

பிப்ரவரி 3, திங்கள்

ஓட்டை போட்டாயிற்று. பெரிய மாற்றம் இல்லை.

ஒபுலியா இன்றைக்கு லிபார்டோவின் மூளையைப் புகழ்ந்தாள். அவளுடைய அடையில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

நேற்று கார்னிவல் முதல் நாள். சேவல் பிகோவை நம் வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் நிறுத்தினார்கள். தெரு முழுக்க ஜனம், முகமெல்லாம் ஒருத்தர்மேல் ஒருத்தர் வீசிய மாவு. எடில்சா ஒன்றும் தெரியாதவள் மாதிரி என்னோடு அடை பொரித்துக்கொண்டிருந்தாள். காதெல்லாம் பெட்டியில். நல்ல ஆட்டத்தில் இருந்தபோது அணைந்தது. ஜனம் விசிலடித்தது. அந்தப் பக்கம் சுறா பாடுவது கேட்டது. ஒவ்வொருவராக அந்தத் தெருவுக்கு நகர ஆரம்பித்தார்கள். எபெர்த்தோ நடைபாதையில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். லிபார்டோ பூட்டைத் திறந்து உள்ளே கையை விட்டான். அலறிக்கொண்டு எடுத்தான்.

எடில்சா கரண்டியை என்னிடம் கொடுத்தாள். அடுப்புத் துணி இரண்டையும் எடுத்துக்கொண்டு போய், பின்பலகையை முழுசாகக் கழற்றித் தெருவில் போட்டாள். எல்லாரும் பார்க்க ஆம்ப்ளிஃபயரைத் துணியோடு தூக்கி வந்து, சாப்பாட்டு மேசையை ஜன்னலுக்கு இழுத்து அதன்மேல் வைத்தாள், பற்கள் நெட்டுக்குத்தாக. கம்பிகளை ஜன்னல் வழியாக விட்டாள். எங்கள் ஜன்னலில் இந்த மாதக் காற்று தொப்பியைப் பறிக்கும். கொஞ்ச நேரம் ஆற விட்டாள். அப்புறம் சுவிட்ச்.

தரை அதிர்ந்தது. போனவர்களெல்லாம் ஓடி வந்தார்கள்.

அப்போதுதான் எவனோ ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டான், யார் செய்தது இது என்று. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்லவில்லை. எபெர்த்தோ தம்பியைப் பார்த்தான். லிபார்டோ விரல்களை ஐஸ் டம்ளருக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"என்னை ஏன்டா பாக்குறீங்க? அந்தப் பொண்ணு செஞ்சது. எனக்கு எது சூடுன்னே தெரியலையே."

சிரிப்பு அலை அலையாகப் போயிற்று. எபெர்த்தோ எழுந்தான். அவ்வளவுதான், ஒப்பந்தம் முறிந்தது, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவன் ஜன்னலுக்கு வந்து அந்தப் பற்களின் மேல் உள்ளங்கையை வைத்தான். எடுக்கவே இல்லை. வைத்தபடியே எடில்சாவிடம், "விடியற வரைக்கும் தாங்குமா மெக்கானிக்கு?" என்று கேட்டான்.

"காத்து நிக்காத வரைக்கும் தாங்கும்" என்றாள் என் பேத்தி.

நின்றால் நானே தட்டை எடுத்து விசிறியிருப்பேன். நிற்கவில்லை. விடிந்தது.

பிப்ரவரி 12, சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். சேவல் கார்னிவல் முழுக்கத் தாங்கியது, செய்தது என் பேத்தி என்று திரும்பும் வழியில் எட்டுப் பேரிடம் சொன்னேன். பாதிரியாரையும் சேர்த்தால் ஒன்பது.

மார்ச் 22, சனி

காற்று நின்றுவிட்டது. வீடு அடுப்பு மாதிரி. ஜன்னல் மேசையில் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் ரிப்பேருக்கு வரிசையில் காத்திருக்கின்றன, அதில் ஒன்று சுறாக்காரனுடையது. ராத்திரி துணி போர்த்திக் கொண்டுவந்து கொடுத்தான், யாருக்கும் தெரியக் கூடாதாம். நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.